நோய் வராதவர்களிடமும் கேள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? அண்ணனின் தோள்வலி குறைந்ததா, இல்லை இன்னமும் இடது கையாலேயே சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறாரா?

பன்னிரண்டு வருஷம் வார்டில் ஊசியும் கையுமாக இருந்தவளை இந்தச் செவிலியர் பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியையாக அனுப்பியபோது, காயத்துக்குக் கட்டுப்போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். போன திங்கட்கிழமை முதல்வர் அம்மா கூப்பிட்டார். “பொதுச் சுகாதாரம் எடுத்துட்டிருந்தவர் கிளம்பிட்டாரு. நீங்க நல்லா பேசறீங்க. நீங்களே எடுத்துடுங்க” என்றார். நன்றாகப் பேசுகிறவள் என்பதற்காக நீச்சல் தெரியாதவளைக் கிணற்றில் தள்ளினால் எப்படி?

படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். ஒரு தெருவே படுத்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது. அதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டுமாம். இங்கே நூலகம் என்பது ஒரே ஒரு பீரோ. அதற்கும் சாவி தொலைந்துவிட்டது. மலை மறைப்பதால் போனில் ஒரு படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

நீங்கள் கல்லூரியில் நடத்தும் பாடக் குறிப்புகளை அனுப்ப முடியுமா? மறுத்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மறுக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அண்ணனுக்கு என் அன்பு.
உங்கள் நாத்தனார்

ஜனவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கே குளிர் அதிகமா? காலை வகுப்புக்குக் காதை மூடிக்கொண்டு போ. சிறு வயதிலிருந்தே உனக்குக் காதுவலி வரும் என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

குறிப்புகளை அனுப்பப் போவதில்லை. என் கையெழுத்தைப் படிக்க நீ மருந்துக்கடைக்காரரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும். பாடத்தையே பேசிப் பதிவுசெய்து, படங்களோடு ஒரு மெமரி கார்டில் ஏற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் மூன்று பாடங்கள் அதில் இருக்கின்றன. எங்கள் தெருவில் வண்டிச் சத்தம் ஓயாது. அதனால் துணி அலமாரியைத் திறந்து, உன் அண்ணனுடைய சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பேசினேன். குரல் நன்றாக விழுந்திருக்கிறது. மூச்சுத்தான் கொஞ்சம் முட்டியது.

உனக்கு அனுப்பியதோடு நிறுத்தவில்லை. உன்னைப்போல் கிணற்றில் தள்ளப்பட்டவர்கள் எத்தனை ஊரில், எத்தனை நாட்டில் இருப்பார்கள் என்று யோசித்தேன். அதே பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். விற்க மட்டும் கூடாது.

உன் அண்ணன் வேலை விஷயமாக அதிகம் வெளியூரில் இருக்கிறார். சாப்பாட்டில் குறை வைக்காதே.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

காது நலம், நானும் நலம். உங்கள் உடம்பை அலமாரிக்குள் போட்டு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடத்தைச் சுவரில் படம் காட்டி ஓடவிட்டேன். நீங்கள் சொன்ன உதாரணத்தில் ஒரு பெரிய அலுவலகத்தின் மாடி உணவகம் வருகிறது அல்லவா? பிள்ளைகள் முழித்தார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குக் கேள்விக்குறி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் எழுந்து, “டீச்சர், இருபது பேருக்கு வயித்துப்போக்குன்னு சொல்றாங்க. எத்தனை பேர்ல இருபது? நூறு பேர்லயா, இருபத்தஞ்சு பேர்லயா? அது தெரியாம எப்படி பயப்படறது?” என்றாள். அதற்கான பதில் உங்கள் இரண்டாவது பாடத்தில் இருந்தது. அதை ஓடவிட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உணவகத்தை எடுத்துவிட்டு, எங்கள் மாணவர் விடுதிச் சமையலறையை வைத்து அந்த உதாரணத்தை மாற்றிக்கொண்டோம். பிறகு கணக்கு எல்லோருக்கும் புரிந்தது.

பக்கத்து மாவட்டத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து ஒரு பிரதி கேட்டார். கொடுக்கலாமா? இதற்கு நீங்கள் பதில் எழுதும்போது அவர் பாதிப் பாடத்தை நடத்தி முடித்திருப்பார், ஏனென்றால் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் வெளியூரிலிருந்து திரும்பிவிட்டாரா? நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இனி கேட்காதே, கொடு. நீங்கள் மாற்றிய விடுதிச் சமையலறை உதாரணம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதையே இணையத்திலும் சேர்த்துவிட்டேன். கேள்விக்குறியிடம் சொல், அவள் கேள்வியோடுதான் இனி முதல் பாடம் தொடங்கும்.

தெரிந்த ஆசிரியர்களிடமெல்லாம் ஆளுக்கு ஒரு பாடம் கேட்டேன். எங்கள் புள்ளியியல்காரர் இரண்டு கொடுத்தார். தடுப்பூசி பற்றிப் பேசக் குழந்தை மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்டார். கடல் கடந்தும் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மறுத்தவர்களும் உண்டு. எங்கள் துறைத்தலைவர் நடைவழியில் நிறுத்தி, “ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கற மாதிரி இருக்கே. கட்டணம் கட்டிப் படிக்கற பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். “நெய் என்னோடது சார். கையும் என்னோடதுதான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான்காவது, ஐந்தாவது பாடங்கள் இத்துடன் வருகின்றன. நேரத்துக்குத் தூங்கு.

அண்ணி

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூட மனம் ஒட்டவில்லை. மன்னியுங்கள்.

ஊருக்குக் கீழே மில் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டு வரிசை வீடுகள். மூன்று வாரமாக அங்கே மஞ்சள் காமாலை. முதலில் நாலைந்து பேர், இப்போது எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. போன வாரம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மருத்துவமனையில் இறந்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. அவள் கணவன் மில்லில் வெல்டர். அவளைக் கொண்டுவந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள், கணவனை அடையாளம் தெரியவில்லை.

மில் வாசலில் ஓர் அம்மாள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது. கடையில் கல் விழுந்த பிறகு சுகாதார ஆய்வாளர் பூட்டு போட்டுவிட்டார். அவரும் பாவம், ஒற்றை ஆள். மூன்று ஊரைப் பார்க்கிறார். உங்கள் ஐந்தாவது பாடத்தை நம்பிப் பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிப்போனேன். காமாலை வந்தவர்களை விசாரித்தால், ஆண்கள் எல்லோருமே அந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறார்கள். வெல்டர் மட்டும் எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார்.

கடைதான் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? எனக்குக் கை வரவில்லை. உங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அஞ்சலகத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணனும் என் கடிதம் எதற்கும் பதில் போடவில்லை.

இன்னொன்று. ஐந்தாவது பாடத்தில் உங்கள் குரல் வெறும் அறையில் பேசுவதுபோல் எதிரொலிக்கிறது. கருவியில் கோளாறா?

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 24

அன்புள்ள வாயாடிக்கு,

எழுதிக் கொடுத்துவிடாதே.

நோய் வந்தவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறாய். வராதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேள். அந்தக் கடையில் சாப்பிட்டும் நன்றாக இருப்பவர்கள் எத்தனை பேர்? கடைப் பக்கமே போகாமல் படுத்தவர்கள் உண்டா? பெண்கள் எங்கே சாப்பிட்டார்கள்? யார் எந்த வரிசையில் குடியிருக்கிறார்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? கண்ணில் பட்டவர்களை மட்டும் கேட்காதே. வீடு விடாமல் கேள். இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்டுப் பயனில்லை, போன மாதத்தைக் கேள்.

விடை தெரியும்வரை காத்திருக்காதே. இன்றைக்கே எல்லோரும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கட்டும். கர்ப்பிணிகள் வீட்டுக்கு முதலில் போ. அவர்களுக்குத்தான் இது எமன்.

கருவியில் கோளாறில்லை. அலமாரியில் துணி குறைந்துவிட்டது. இனிக் கம்பளியைத் தொங்கவிட்டுப் பேசுகிறேன்.

விரைவுத் தபாலில் போடுகிறேன். நீயும் கொதித்த தண்ணீரையே குடி.

அண்ணி

ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

வீடு விடாமல் கேட்டோம். மேல் வரிசை ஆண்களும் அதே கடையில்தான் சாப்பிடுகிறார்கள். அங்கே நோயே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. கீழ் வரிசைப் பெண்கள் பலர் அந்தக் கடையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர்களிலும் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார். கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் கேள்விக்குறி எழுந்துபோய்த் தண்ணீர் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டாள். மேல் வரிசைக்குத் தண்ணீர் மில்லின் பெரிய தொட்டியிலிருந்து வருகிறது. கீழ் வரிசைக்குத் தனியாகத் தரைக்கடியில் ஒரு தொட்டி.

ஆய்வாளரிடம் போனோம். பலகையில் இருந்ததைப் படியெடுத்த தாளை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். “நான் அவசரப்பட்டுட்டேன்மா. வாங்க, தொட்டியத் திறப்போம்” என்றார். மில் மேலாளர் மூடியைத் திறக்கவிடாமல் இரண்டு நாள் இழுத்தடித்தார். முதல்வர் அம்மா, அதுவரை பயந்துகொண்டிருந்தவர், நாற்காலியைத் தூக்கிவந்து தொட்டி மூடி மேலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். “தெறக்கறவரைக்கும் நான் இங்கதான்” என்றார். திறந்தார்கள். கழிவுநீர்க் குழாய் தொட்டிச் சுவரை ஒட்டிப் போகிறது. அதில் விரிசல், சுவரில் கசிவு.

இப்போது தொட்டியை மூடிவிட்டு லாரியில் தண்ணீர் வருகிறது. குழாயைத் தள்ளிப் போடுகிறார்கள். புதிதாக நோய் வருவது குறைந்துவிட்டது. கடைக்கார அம்மாள் பூட்டைத் திறந்துகொண்டார். வெல்டர் தானாகவே பள்ளிக்கு வந்து, “என்ன கேக்கணுமோ கேளுங்க. எல்லாத்தையும் சொல்றேன்” என்றார். அவர் சொன்னதை எழுதும்போது கேள்விக்குறி அழுதாள். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

கொதிக்க வைக்கச் சொன்னோம், சரி. “விறகுக்கு எங்க போறது?” என்று பெண்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் பாடங்களில் பதில் இல்லை. குளோரின் கலப்பதைப் பற்றி ஒரு பாடம் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஜூலையில் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. பாடங்கள் இருந்த பக்கம் திறக்கவில்லை என்று மூன்று பள்ளிகளிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பாடம் கிடக்கட்டும். ஒரு வரி எழுதுங்கள். “இருக்கிறேன்” என்று எழுதினால்கூடப் போதும்.

உங்கள் நாத்தனார்

செப்டம்பர் 21

அன்புள்ள வாயாடிக்கு,

இருக்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களும் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பி, இப்போதுதான் கைக்கு வந்தன. புதிய முகவரி மேலே இருக்கிறது. இரண்டே அறை. சன்னலைத் திறந்தால் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானம்.

பாடங்களைக் கல்லூரி எடுக்கச் சொல்லிவிட்டது. கல்லூரி கொடுத்த கணினியில், கல்லூரிப் பெயர் போட்ட படங்களோடு செய்தவை, ஆகவே கல்லூரியின் சொத்து என்றார்கள். விசாரணைக் குழுவில் ஐந்து பேர். சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான் என்று வக்கீலும் சொன்னார். நான் எழுந்து, “சொன்னதை வெச்சுக்குங்க. சொல்லத் தெரிஞ்சத எப்படி வெச்சுக்குவீங்க?” என்று கேட்டேன். வேலை போகவில்லை. துறைத்தலைவர் பதவிக்கு அடுத்த பெயராக இருந்தது என்னுடையது, அது போயிற்று.

எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து மறுபடி சொல்லப் போகிறேன். என் வீட்டில், என் கருவியில், என் நேரத்தில். எத்தனை மாதம் ஆனாலும் சரி.

இனி மற்றது. உன் ஜூன் கடிதத்தில் முதல்முறையாக நீ அண்ணனைப் பற்றி விசாரிக்கவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. அவர் பிப்ரவரியிலேயே போய்விட்டார். மார்ச்சில் வந்து சட்டைகளை எடுத்துக்கொண்டார். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் அல்ல. சொல்லிவிட்டால் நீ அவர் தங்கை, நான் யாரோ என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். என்னைப் பெற்றவர்களும் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தின் கடைசியில் என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. போடாமலே விடுகிறேன்.

அக்டோபர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணிக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். கவனித்துக்கொள்ளுங்கள். நான் நலம், புது வீட்டில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

அண்ணன் மே மாதம் இங்கே வந்திருந்தார். என் அறையில் உட்கார்ந்து தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “எங்களுக்குள்ள சண்டையே இல்ல. அவ ஊருக்கெல்லாம் பேசறா. எங்கிட்ட பேச அவளுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல” என்றார்.

“நீ பேசினியா அண்ணா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பக்கத்திலும் ஏதோ வலி இருக்கிறது. அவர் என் அண்ணன். அவரை நான் விட முடியாது. கிளம்பும்போது, “இனிமே நீ அவளுக்கு எழுத வேணாமே” என்றார். “நீ போறது உன் இஷ்டம். என் அண்ணிய எதுக்குக் கூட்டிட்டுப் போற?” என்று கேட்டேன். பேருந்து ஏறிவிட்டார். நீங்களாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்றுதான் ஜூனில் வாயை மூடிக்கொண்டேன். வாயாடிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

பாடங்களை நீங்கள் ஒருத்தியே மறுபடி சொல்ல வேண்டாம். கிணற்றில் தள்ளப்பட்டவர்கள் ஒன்பது பேர் இங்கே போன ஞாயிற்றுக்கிழமை கூடினோம். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். எங்கள் சொல்லில், எங்கள் ஊர் உதாரணத்தில் நாங்களே பேசுகிறோம். நீங்கள் கேட்டுத் திருத்துங்கள். தொட்டிப் பாடம் என்னுடையது. வெல்டரிடம் அனுமதி கேட்டேன். “அவளப் பத்திச் சொல்லுங்க. பேர் மட்டும் வேணாம்” என்றார். மெமரி கார்டு இத்துடன் இருக்கிறது. பதினேழாவது நிமிஷத்தில் என் குரல் உடைகிறது. திரும்பப் பதிவுசெய்யச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். நீங்களும் அதை வெட்டாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

நவம்பர் 30

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே மழை. நலமாக இருக்கிறேன், உண்மையாகவே நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், கேலி செய்வாய்.

பதினேழாவது நிமிஷத்தை வெட்டவில்லை. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் குளோரின் அளவைத் தவறாகச் சொல்லியிருந்தாய்; அதைத்தான் வெட்டி, நீ திருத்தி அனுப்பியதைச் சேர்த்தேன். பாடங்கள் அக்டோபரிலேயே மறுபடி திறந்துவிட்டன. இந்த முறை எந்தக் கல்லூரியின் பெயரும் இல்லை. பாடம் சொன்னவர்களின் பெயர்கள் மட்டும். புள்ளியியல்காரர் மீண்டும் வந்துவிட்டார், “என்னையும் குழுவுல கூப்பிட்டு விசாரிக்கட்டும்” என்றபடி.

இப்போது எழுத வந்த விஷயம். நேற்று ஒரு கடிதம் வந்தது. கடல் கடந்த ஒரு நாட்டில், நம்மைப்போன்ற ஒரு சிறிய பயிற்சிப் பள்ளி. அங்கே உன் பாடத்துக்குக் கீழே தங்கள் மொழியில் எழுத்து ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் அப்போது நாலைந்து பேருக்குக் காமாலை. சந்தைப் பழத்தால் என்று பேச்சு. மாணவிகள் நோய் வராத வீடுகளிலும் போய்க் கேட்டு, முடிவில் தொட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். குழாய் கசிந்துகொண்டிருந்தது. ஆரம்பத்திலேயே மூடிவிட்டார்கள். நோய் அத்தோடு நின்றுவிட்டது. ஒருவரும் இறக்கவில்லை.

அந்த ஆசிரியை கேட்கிறார், பாடத்தில் அழும் அந்த அம்மா உங்களுக்கு யார் என்று. என் நாத்தனார் என்று எழுதப் போகிறேன்.

வெல்டரைப் போய்ப் பார். இதை அவரிடம் நீயே நேரில் சொல்.

அன்புடன்,
அண்ணி

டிசம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். குளிர் எலும்பைத் தொடுகிறது. உங்களுக்கு விடுமுறை தொடங்கியதும் இங்கே வருகிறீர்கள். இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. மீதிப் பாடங்களைச் சேர்ந்தே முடிப்போம்.

வெல்டர் வீட்டுக்குப் போனேன். இப்போது கதவு திறந்தே இருந்தது. உட்காரச் சொன்னார். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கையில் இருந்த கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கேட்டார்.

“அங்க மாசமா இருந்த பொண்ணுங்க யாராச்சும் உண்டா?”

“தெரியலீங்க. அதப் பத்தி எழுதல” என்றேன்.

“கேட்டு எழுதச் சொல்லுங்க. இருந்தா, புள்ள நல்லபடியா பொறந்துச்சான்னு கேளுங்க.”

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அண்ணி, இன்றைக்கே அந்த ஆசிரியைக்கு எழுதிக் கேளுங்கள். நான் ஒவ்வொரு நாளும் மில் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

உங்கள் நாத்தனார்